ஊர்க்காவலனின் நெற்றி

புருசன் கிடந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் செல்போனைக் கவிழ்த்துப் பிடித்தது தன் தம்பி சங்கிலிமுத்து என்று தெரிந்ததும் பொன்மணிக்கு அழுகை நின்றுவிட்டது.

"படம் எடுக்காதலே."

"நம்ம மச்சான்தானக்கா. ஒரு நெனப்புக்கு."

வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து முடிப்பதற்குள் அந்த நினைப்பு ஊரெல்லாம் சுற்றிவிட்டது. மகள் பானுப்பிரியா போனைக் கொண்டுவந்து காட்டினாள்.

"அம்மா, மாமா போட்டிருக்கதப் பாரு."

'கடவுள் இல்லை என்று காலமெல்லாம் எழுதியவர் கடைசி மூச்சில் முருகா என்று அழைத்தார். நெற்றி நிறையத் திருநீறோடு போகிறார்.' கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். 'ஒழிந்தான்' என்று ஒருவன் எழுதியிருந்தான். அதற்கும் இதயம் போட ஆள் இருந்தது.

நேற்றுச் சாயந்திரம் மாரடைப்பில் செத்துப்போன ஊர்க்காவலன், பட்டாசு லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். மிச்ச நேரமெல்லாம் எழுத்து. மேடைப் பேச்சு, மாட்டு மூத்திர வைத்தியம், வாட்ஸப்பில் வரும் நாசா புளுகு, எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டார். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வெடித்தபோது, முதலாளி சங்கிலிமுத்துவைக் கூட்டிவந்து வாஸ்து பார்த்து அறை வாசலைக் கிழக்கே திருப்பினார். 'வாசல் திரும்பிவிட்டது. நாலு பேர் உட்காரவேண்டிய அறையில் எட்டுப் பேர் உட்காருவது திரும்பவில்லை. மருந்துக்குத் திசை தெரியாது, உரசல்தான் தெரியும்' என்று ஊர்க்காவலன் எழுதினார். அதோடு சங்கிலிமுத்துவின் தொழில் படுத்தது. அன்றிலிருந்து இந்த வீட்டு வாசலை மிதிக்காதவன் இன்றைக்குத்தான் வந்திருக்கிறான்.

படத்தில் இருந்த திருநீறு பொய்யில்லை. பூசியவளே பொன்மணிதான். தினமும் குளித்ததும் பூசுகிறவள் அவள். அவர் ஊரையே வம்புக்கு இழுத்தாலும் அவளிடம் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. குளிப்பாட்டி வேட்டி கட்டியதும் யாரோ திருநீற்றுத் தட்டை நீட்டினார்கள். நெற்றிக்காசு ஒட்டுமுன் கை தானாகப் பூசிவிட்டது. இப்போது அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"முருகான்னாரா? நீ கேட்டியாலே?"

"கேக்கணுமாக்கா? நெத்தியிலதான இருக்கு." சங்கிலிமுத்து குரலைத் தாழ்த்தினான். "ஊரு முன்னால என்னைய நாறடிச்சாருல்ல. சாமி கும்பிட்டவராவே போகட்டும்."

அவள் எழுந்தாள்.

"பெட்டியத் தொறங்க."

"எடுக்கப்போற நேரத்துல என்ன தாயி?" என்றார் பங்காளி பெத்தணன்.

"தொறங்கங்கேன்."

திறந்தார்கள். முந்தானையைச் சொம்புத் தண்ணீரில் முக்கி அவர் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். காசு நழுவித் தலையணையில் விழுந்தது. பந்தலில் ஒப்பாரி நின்றது. "ஆகாத காரியம் பண்ணுதாளே" என்றது ஒரு குரல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முனியராஜ் வந்தான். விருதுநகரில் ஊர்க்காவலனோடு பகுத்தறிவுக் கூட்டம் நடத்துகிறவன். அவன் கையிலும் போன்.

"அக்கா, இன்னொரு தடவ தொடைங்க. வெளிச்சம் சரியா விழல. இவனுகளுக்கு நாம பதில் குடுக்கணும். தோழர் கடைசியா என்ன சொன்னார்னும் சொல்லுங்க."

"மோட்டர அமத்துன்னாக."

"என்னக்கா?"

"தொட்டி நெறஞ்சு தண்ணி வழியுது, மோட்டர அமத்துன்னாக. அமத்திட்டு வாரதுக்குள்ள போயிட்டாக. போடு. ரெண்டு பேரும் இதயும் போடுங்க."

சங்கிலிமுத்து போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். முனியராஜ் போனை இறக்கினான். அந்த வார்த்தை இரண்டு பேருக்கும் உதவாது.

வெளியே சங்கு ஊதினார்கள். தூக்குவதற்கு ஆட்கள் உள்ளே வர, பானுப்பிரியா அம்மாவைப் பிடித்து ஓரமாக நிறுத்தினாள். பொன்மணியின் விரல்களில் ஈரத் திருநீறு ஒட்டிக்கொண்டிருந்தது. தினமும் செய்வதுபோல அதைத் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டாள்.

அதை ஒருவரும் படம் எடுக்கவில்லை.