கரண்ட் போகாத ஊரில் கறை

ஹாஸிம் ஒரு கறை ஒழிப்பு நிபுணன். அந்தப் பட்டத்தை அவனே தனக்குக் கொடுத்துக்கொண்டான். மறுத்துப் பேச திரிப்போலி துறைமுகத்தில் யாருக்கும் நேரமில்லை.

அவனும் தங்கை யுஸ்ராவும் நண்பன் தலாலும் அந்தக் கணினி விளையாட்டுக்குள் தங்கள் தெருவைக் கட்டை கட்டையாக அடுக்கிக் கட்டியிருந்தார்கள். கிழக்கு முனையில் மீன்கடை, அடுத்தது தலால் வீடு, அதற்கடுத்து ஹாஸிம் வீடு, பிறகு மற்ற வீடுகள் எல்லாம். நிஜத் தெருவில் இல்லாத ஒரே ஒரு விஷயம், தெருவிளக்கு எரிந்தது.

மீன்கடைக்கு அப்பால் கறை இருந்தது. ஊதா மண். பக்கத்துப் புல்லை ஊதாவாக்கும், பாறைக்குள் ஊறும், மூன்று கட்டை இடைவெளியைத் தாண்டும். நாலைத் தாண்டாது. கறை பிடித்த இடத்தில் விதவிதமான ஜந்துக்கள் முளைத்து, குடியிருப்பவனைத் தின்னும். உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் இதற்குப் பயந்து அகழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஹாஸிம் வெட்டவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து ஓரத்தில் கொஞ்சம் சுரண்டிப் போடுவான். அடுத்த வெள்ளிவரை கறை ஏறக்குறைய அங்கேயே கிடக்கும். இந்தப் பேருண்மையை இணைய மன்றத்தில் மனித குலத்துக்கு இலவசமாக வழங்கியும் இருந்தான். நார்வேக்காரன் ஒருவன், "உன் ஊர்க் கறைக்குப் பக்கவாதமா?" என்று கேட்டான். ஹாஸிம் அதைப் பொறாமைக் கணக்கில் எழுதிக்கொண்டான்.

பிறகு தலாலுக்கு ஜெர்மனியில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் கணினி வாங்கினான். அதுவரை அந்த விளையாட்டு உலகம் ஹாஸிமின் கணினியில்தான் ஓடியது.

"உலகத்த என்கிட்ட அனுப்பிடு ஹபீபி. இங்க கரண்டே போகாது," என்றான்.

அனுப்பினார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஹாஸிமுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வெள்ளி யுஸ்ராதான் முதலில் உள்ளே போனாள்.

"அண்ணா, மீன்கடை ஊதாவா இருக்கு."

"விளக்கு வெளிச்சமா இருக்கும்."

"கடைக்காரன் செத்துக் கிடக்கான். அதுவும் வெளிச்சமா?"

ஹாஸிம் விளையாட்டின் மைக்கிலேயே தலாலைக் கூப்பிட்டான்.

"மெஷின எப்பல்லாம் அணைக்கிற?"

"அணைக்கிறதா? எதுக்குடா?"

உலகம் ஓடும்போதுதான் கறையும் ஓடும். இங்கே உலகம் ஓடியதெல்லாம் தெருவுக்குக் கரண்ட் விற்கும் ஜெனரேட்டர்காரர் அபூ நாதிருக்கு மனம் இரங்கிய நேரத்தில் மட்டும். இத்தனை வருடமாகத் தெருவைக் காத்தது ஹாஸிமின் மண்வெட்டி அல்ல, அந்த மனிதரின் கஞ்சத்தனம். நிபுணனுக்கு இது புரிய ஒரு நிமிடம் ஆனது. யுஸ்ராவுக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. சிரித்தாள்.

"ஆள் இல்லாதப்ப ஏன்டா ஓட விட்ட?" என்று ஹாஸிம் தலாலிடம் பாய்ந்தான்.

"ஆள் இல்லன்னு யார் சொன்னா? வேலை விட்டு வந்து உள்ள போய் நம்ம தெருவுல என் வீட்டுப் பால்கனியில நிப்பேன். சும்மா."

"நின்னவனுக்குக் கறை வந்தது தெரியலையா?"

"கடலப் பாத்து நிப்பேன்டா. மீன்கடைய எவன் பாப்பான்?"

ஹாஸிம் தோண்டிப் பார்த்தான். தலால் வீட்டு வாசற்படிவரை அடிப்பாறை ஊதா. இனி இயந்திரத்தை அணைத்து அணைத்துப் போட்டாலும் பயனில்லை, உள்ளே போய் விளையாடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அகழி வெட்டியே ஆக வேண்டும். வெட்ட மிச்சமிருந்த இடம் ஒன்றுதான்.

"உன் வீட்ட இடிக்கணும். இல்லன்னா தெருவே போயிடும்."

"என் வீட்ட நீ தொட்டுப் பாரு. உலகம் என் மெஷின்ல இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

"வெறும் கட்டைடா!"

"அப்ப உன் வீட்ட இடி. உனக்கு அங்க நிஜமாவே ஒண்ணு இருக்குல்ல."

ஹாஸிம் பதில் சொல்ல வாயைத் திறந்தான். கரண்ட் போனது.

முன்பெல்லாம் கரண்ட் போனால் உலகமும் கண்ணை மூடும். இப்போது அவன் மட்டும் வெளியே. கறையும் தலாலும் உள்ளே. அபூ நாதிருக்குப் போன் செய்தான். டீசல் வரவில்லை, பொறுமையாயிரு மகனே, என்று அவர் ஆறுதல் சொன்னார்.

மறுநாள் மதியம் கரண்ட் வந்ததும் உள்ளே ஓடினான். தலால் வீடு இருந்த இடத்தில் ஆழம் தெரியாத பள்ளம், நேர்த்தியாக, கடல்வரை. அக்கரையில் ஊதா. இக்கரையில் பச்சைப் புல். தெரு பிழைத்துவிட்டது. ஹாஸிமின் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. மாடிப் பால்கனியில் தலால் கடலைப் பார்த்து நின்றான். அவன் கட்டிலும் பீரோவும் ஹாஸிமின் அறையில் இருந்தன.

"இது என் வீடுடா!"

"இருந்துச்சு. உனக்கு அங்க ஒண்ணு இருக்கே."

"அதுல கரண்ட் இல்லடா."

தலால் பால்கனியை விட்டு உள்ளே போனான். பிறகு கதவு திறந்தது.

"சரி, வா. கட்டில்ல மட்டும் உக்காராத."

ஹாஸிம் மாடி ஏறி, பள்ளத்தை எட்டிப் பார்த்தான். நிபுணனுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எத்தன கட்டை அகலம்? நாலா?"

"ஏழு," என்றான் தலால். "உன் பேச்ச நம்பி நாலோட நிறுத்த எனக்கென்ன பைத்தியமா?"