மூன்று பூட்டுப் போட்ட சைக்கிள்

சலவைக்கூடத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘இன்னொருதடவை’. சைக்கிளைப் பூட்டுவார், பத்தடி நடப்பார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மாடிப்படியில் பாதி ஏறியவர் நின்று, “இருங்க, இன்னொரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்” என்று இறங்கிப் போவார். அவர் வைத்திருந்தது என்னவோ துருப்பிடித்த சைக்கிள்தான். அதைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னாலும் திருடன் கூலி கேட்பான்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. போன வருஷம் மகளின் சைக்கிளைக் கடை வாசலில் விட்டுவிட்டுப் பால் வாங்க உள்ளே போனார். ஒரே நிமிஷம்தான். வெளியே வந்தால் வாசல் காலியாக இருந்தது. மகள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இன்னமும் தோன்றும்.

இப்போது வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் புதுசாக ஒன்று வாங்கியிருந்தார்கள். நீல நிறம், கியர் வைத்தது, முன்னால் ஒரு கூடை. திங்கட்கிழமை மகளுக்கு நர்ஸ் படிப்பு தொடங்குகிறது. கல்லூரி ஏழு கிலோமீட்டர், அந்தப் பக்கம் பஸ் கிடையாது. இந்த சைக்கிளும் போனால் படிப்பும் போன மாதிரிதான். வேலை முடிந்ததும் கடைக்குப் போய்ப் பின்னால் கேரியர் மாட்ட வேண்டும் என்று இன்று ஒரு நாள் மட்டும் அவரே அதை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். மகள் கைப்பிடியில் ஒரு குட்டிப் பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டாள்.

“போகும்போது மாதிரியே வரும்போதும் சைக்கிளோட வாங்கப்பா.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவருக்குச் சுருக்கென்றது.

எட்டு மணி ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தார். ஈ நுழைய இடமில்லை. எப்படியோ இரண்டு சைக்கிளுக்கு நடுவே நுழைத்துக் குந்தினார். முதலில் சக்கரத்தோடு வந்த பூட்டு. அடுத்தது வளைந்த இரும்புப் பூட்டு. மூன்றாவது, ஸ்டாண்டின் கம்பியோடு சேர்த்துக் கட்ட விரல் தடிமனில் ஒரு சங்கிலி. இதில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பூட்டும்போது பூட்டைப் பார்க்க மாட்டார். தான் பூட்டுவதை யாராவது பார்க்கிறார்களா என்று தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். கை தன் பாட்டுக்குச் சங்கிலியை அங்கே நுழைத்து இங்கே எடுத்தது. மூன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டு ஓடினார்.

அது ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் கூடம். கொதிக்கிற இஸ்திரி உருளைக்குள் ஈர விரிப்பை இவர் இந்தப் பக்கம் கொடுக்க, அந்தப் பக்கம் கூட வேலை செய்யும் நெட்டையன் மொடமொடவென்று வாங்கி மடிப்பான். நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாது, விரிப்பு கருகிவிடும். நாலாவது விரிப்பு உள்ளே போகும்போது கூரையிலிருந்த ஸ்பீக்கர் கரகரத்தது.

“ஸ்டாண்டுல நீல கலர் புது சைக்கிள் விட்டவங்க உடனே கேட்டுக்கு வரவும்.”

அவர் நிமிர்ந்து ஸ்பீக்கரைப் பார்த்தார்.

“போச்சு” என்றார் நெட்டையனிடம். “எம்பொண்ணு சைக்கிள் போச்சு.”

“மூணு பூட்டு போட்டிருப்பீங்களேண்ணே!”

“மூணையும் உடைச்சிருப்பான்.”

சூப்பர்வைசர் மசியவில்லை. “ஆபரேஷன் வார்டு விரிப்பு இது. மாத்து ஆள் வர இருபது நிமிஷம் ஆகும். போனது போயிடுச்சு, நீங்க ஓடினா திரும்பி வந்துடுமா?”

அந்த இருபது நிமிஷமும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் வீட்டு வாசலில் வெறுங்கையோடு நிற்பதை நினைத்தார். மகள் இந்தத் தடவையும் திட்ட மாட்டாள், அதுதான் தாங்காது. ஸ்பீக்கர் இரண்டாம் முறை கூப்பிட்டது. ஒரு விரிப்பைக் கோணலாகக் கொடுத்து ஓரத்தைத் தீய்த்தார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது மாற்று ஆள் வந்து சேர்ந்தான். படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினார்.

சைக்கிள் இருந்தது. பொம்மை கூட இருந்தது. பாதி உயிர் திரும்பி வந்தது. அப்புறம்தான் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார். இரவு ஷிப்டில் கூடத்தைப் பெருக்கிக் கழுவுகிற அம்மாள். ஒரு பழைய சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடி தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த சைக்கிளின் கூடையில் ஒரு ஷூ பெட்டி. பழைய சைக்கிளின் சட்டத்துக்குள்ளே புகுந்து, கம்பியைச் சுற்றி, நீல சைக்கிளுக்குள் நுழைந்து, கச்சிதமாகப் பூட்டிக்கிடந்தது அவருடைய சங்கிலி.

“நல்லா பூட்டினீங்க சார்!” என்றார் வாட்ச்மேன். “அரை மணி நேரமா அந்தம்மா நிக்கிறாங்க. இவங்க பையன் வேலைக்குச் சேர வெளியூர் போறான். ஒம்பது மணிக்கு மேட்டு ஜங்ஷன்ல வேன். அவனுக்கு வாங்கின ஷூவைக் கொடுத்து அனுப்பணும். இதோ வந்துடுவார், இதோ வந்துடுவார்னு பார்த்துக்கிட்டே எட்டேகால் பஸ்ஸையும் விட்டுட்டாங்க. நான் அப்பவே கட்டர் எடுத்துட்டு வந்தேன், வெட்டிடறேம்மான்னு. விட்டாதானே?”

“ஏம்மா?” என்றார் அவர்.

“சங்கிலியை வெட்டினா உங்க வண்டியைப் பூட்டோட தூக்கிட்டுப் போயிடுவாங்களே” என்றார் அந்த அம்மாள். “பொம்மை தொங்குது. ஏதோ பொம்பளப்புள்ளையோட வண்டின்னு நெனச்சேன். தொலைஞ்சா புள்ள அழும்ல.”

அவருக்குக் கன்னத்தில் அறை வாங்கினாற்போல இருந்தது. இதற்கு அந்த அம்மாள் கத்தித் தீர்த்திருக்கலாம்.

சாவியைத் துவாரத்தில் போட்டுத் திருகினார். சங்கிலி கழன்று விழும்போது மணி எட்டு முப்பத்தெட்டு. அந்த அம்மாள் பழைய சைக்கிளை வெளியே இழுத்தார். பெடல் கடகடத்தது.

“இதுல மேடு ஏறினா எவ்வளவு நேரமாகும்?”

“முக்கால் மணி ஆகும். பாதி தூரம் தள்ளணும். பரவால்லைங்க, போய்ப் பார்க்கிறேன். வேன் கொஞ்சம் தாமதமாக் கிளம்பினாலும் கிளம்பும்.”

யோசித்திருந்தால் அவர் செய்திருக்கவே மாட்டார். வளைந்த பூட்டைத் திறந்தார், சக்கரப் பூட்டைத் திறந்தார், ஷூ பெட்டியை எடுத்து நீல சைக்கிளின் கூடையில் வைத்தார்.

“இதுல போங்க. கியர் இருக்கு. கால் மணியில ஏறிடலாம்.”

“ஐயோ, புதுசுங்க...”

“போங்கம்மா! நேரமாகுது.” சக்கரப் பூட்டின் சாவியைக் கையில் திணித்தார். “இறங்கினதும் மறக்காம பூட்டிடுங்க. பூட்டிட்டு ஒரு தடவை இழுத்துப் பாருங்க.”

அந்த அம்மாள் ஏறி மிதித்தார். முதலில் தள்ளாடிய சைக்கிள் அப்புறம் நிமிர்ந்தது. திருப்பத்தில் நீல நிறம் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அந்தம்மா பேரு தெரியுமா உங்களுக்கு?” என்றார் வாட்ச்மேன்.

“தெரியாது.”

“வீடு?”

“தெரியாது.”

“நான் வந்து ரெண்டு நாள்தான் ஆகுது, எனக்கும் தெரியாது. இன்னியோட அவங்க கணக்கு முடிஞ்சு நின்னுட்டாங்கன்னு வைங்க, ஓட்டை சைக்கிளுக்குப் புது சைக்கிள். நல்ல வியாபாரம்தான்!”

பகீரென்றது. ஆனாலும் பழைய சைக்கிளை ஸ்டாண்டுக்குள் தள்ளிக் குந்தினார். கையில் மிச்சமிருந்த இரண்டு பூட்டையும் அதற்கே போட்டார். இந்தத் தடவை தெருவைப் பார்க்கவில்லை. சங்கிலி எதற்குள் போகிறது, எங்கே வருகிறது என்று கண்ணால் பார்த்து, பக்கத்துச் சக்கரத்தைக் கையால் உருட்டிப் பார்த்து, அப்புறம்தான் பூட்டினார்.

மேலே போய் உருளை முன்னால் நின்றார். மனம் ஜங்ஷனுக்கும் ஸ்டாண்டுக்குமாக அலைந்தது. ஒன்பது அடித்தது. பையன் காலில் ஷூ ஏறியிருக்குமா? ஒன்பதரை. நீல சைக்கிள் எங்கே நிற்கிறதோ? பத்து மணி இடைவேளைக்கு மணி அடித்ததும் கீழே ஓடினார். நீல சைக்கிள் இன்னும் வரவில்லை. பழைய சைக்கிளிடம் போய்ச் சங்கிலியை ஒரு இழு இழுத்தார். நடந்தார். திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்தார்.

“சார், அந்த டப்பாவை யாரு சார் திருடப் போறா?” என்றார் வாட்ச்மேன்.

“இது அந்தம்மா வண்டிப்பா” என்றார் அவர். “வரும்போது இருக்கணும்ல?”