தலைப்பில்லாத தாள்

எங்கள் விமான நிலையத்தை முப்பது வருடக் குத்தகைக்கு எடுத்த கம்பெனி முதல் வேலையாக எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தது. பணியாளர் தொடர்பு உதவியாளர், ஆறு மாதத் தற்காலிகம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். மார்க்கைப் பார்த்துத்தான் எடுத்தார்கள் என்று நினைத்தேன். மடச்சி.

அம்மாவுக்கு அங்கே ரன்வே பொறுக்கும் வேலை. சிரிக்காதீர்கள், அப்படி ஒரு வேலை இருக்கிறது. விடிந்ததும், முதல் விமானம் இறங்கும் முன், பன்னிரண்டு பெண்கள் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நின்று ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தரையைப் பார்த்தே நடப்பார்கள். கல், திருகாணி, தகரத்துண்டு, செத்த குருவி. ஒரு திருகாணி இன்ஜினுக்குள் போனால் போதும், எல்லாம் முடிந்தது. நடந்து முடித்ததும் ஒரே வெள்ளைத் தாளில் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, விமானம் இறங்க அனுமதி கொடுக்கும் டவருக்கு அனுப்புவார்கள். தலைப்பு கிடையாது, விவரம் கிடையாது. ஒரு கையெழுத்து குறைந்தாலும் விமானம் மேலேயே வட்டமடிக்க வேண்டியதுதான். அதில் அவர்களுக்கு அப்படி ஒரு கர்வம்.

கம்பெனி மேனேஜர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் கடிதம் ஒன்றைக் கொடுத்தார். பழைய ஆட்கள் அப்படியே புதிய கம்பெனிக்கு மாறுகிறார்கள், வேலையும் சர்வீஸும் தொடரும் என்றிருந்தது.

"நீயே படிச்சு சொல்லு தங்கச்சி. நீ சொன்னா நம்புவாங்க."

ஓய்வறையில் வரிவரியாகச் சொன்னேன். மைக்செட் அக்கா குறுக்கே பாய்ந்தாள். அவள் குரலுக்கு வாக்கி டாக்கி தேவையில்லை என்பதால் வந்த பெயர்.

"ஏண்டி, சர்வீஸ் போகாதுல்ல? பதினாறு வருஷம் குனிஞ்ச முதுகு இது."

"போகாதுக்கா. எழுத்துல இருக்கு."

"அப்ப சரி. என் மாப்பிள்ளை சொன்னா நம்ப மாட்டேன். அவன் தாலி கட்டும்போதே முழிச்ச முழி சரியில்லை. நீ சொல்றே, நம்பறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும்தான்.

"சம்மதத்துக்குப் பன்னெண்டு ஃபார்ம் எதுக்கு? உங்க வழக்கப்படி ஒரே தாள்ல போட்டுடுங்க" என்றார் கூட வந்திருந்த மேனேஜர். தினமும் போடுகிற தாள் மாதிரியே இருந்ததால் எனக்கும் உறைக்கவில்லை. அம்மா முதலில் போட்டாள். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அடியில், சாட்சியாக, நான். கடிதத்தையும் தாளையும் அவர் வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாவது வாரம் பன்னிரண்டு பேரையும் கேட்டிலேயே நிறுத்தினார்கள். ரன்வேயில் காந்தம் கட்டிய வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காவலாளி நீட்டிய நகலில், 'சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறோம்' என்றிருந்தது. பின்னால் இணைத்திருந்தது எங்கள் தாள்.

"படிச்சவ படிச்சவன்னு தலையில தூக்கி வெச்சோம். எங்க தலையிலேயே கல்லைப் போட்டியேடி!" என்று மைக்செட் அக்கா கத்தியது உள்ளே பயணிகளுக்கும் கேட்டிருக்கும்.

மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

"நான் படிச்சது வேற கடிதம்."

"எங்கே, காட்டு." காத்திருந்தார். "தலைப்பில்லாத தாள்ல கையெழுத்து வாங்கினது யாரு தங்கச்சி? பணம் போடறவங்க ஆளைக் குறைன்னாங்க, குறைச்சாச்சு. உன் வேலை பத்திரமா இருக்கு. ஏன்னு உங்கம்மாவையே கேளு."

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அந்தத் தாளை விலகல் கடிதத்தோட சேர்த்துக்கறேன், பதிலுக்கு உன்னை நிரந்தரமாக்கறேன்னாரு. நான் முதல்ல போட்டா மத்தவளுங்களும் போடுவாளுங்கன்னாரு."

"அந்தப் பதினொரு பேரு?"

"அவளுங்க எப்படியாவது பொழைச்சுக்குவாளுங்க."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்பே."

மேனேஜர் ஏமாற்றினால் அது அவர் பிழைப்பு. இவள், நான் படிப்பது பொய்யென்று தெரிந்தே, மற்றவர்களோடு உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டிருக்கிறாள். என் படிப்பையே தூண்டிலில் மாட்டியிருக்கிறாள்.

பெண்கள் கொடுத்த புகாரில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை வந்தது; சாட்சியாக என்னையும் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வராவிட்டால் சந்தேகம் வரும் என்று அம்மாவும் வந்து பெஞ்சில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தாள்.

"கடிதத்தை மாத்திட்டாங்கன்னு நீங்க சொன்னா மட்டும் போதாதும்மா" என்றார் அதிகாரி. "இது திட்டம்னு தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

இல்லையென்றால் அன்றோடு வழக்கு முடிந்தது. அம்மா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இருக்காங்க சார். முதல் கையெழுத்துப் போட்டவங்க. எங்கம்மா."

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் விலகி உட்கார்ந்தாள். அம்மா எழுந்து மேசைக்கு வந்தாள்.

"அப்படி எதுவும் இல்லீங்க. இவ கோவத்துல உளர்றா. இவளுக்கு வேலை நிரந்தரமாகப் போகுது, கெடுத்துக்கறா."

என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினேன். அதிகாரியிடம் ஒரு தாள் கேட்டு, வேலையை விடுகிறேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அட்டையோடு சேர்த்து வக்கீல் முன்னால் தள்ளினேன்.

"எதுக்காகப் பொய் சொன்னியோ, அது இனிமே இல்லை" என்றேன் அம்மாவிடம். "இப்பச் சொல்லு."

அதிகாரி கேள்வியை முதலிலிருந்து கேட்டார்.