ராணி அறை வாங்கும் காட்சி

"மாமா, இந்தக் காட்சி இந்த வருஷம் வேண்டாம்" என்று ஒத்திகையின் நடுவில் ஆர்மோனியத்தை நிறுத்தச் சொன்னாள் என் மருமகள் ஏஞ்சலின். அவள் டீச்சர். எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழா நாடகத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. நான் ராஜா. சந்தேகப்பட்டு ராணியை அறைவேன். ராணி என் காலில் விழுந்து ஒரு ஒப்பாரி பாடுவாள்.

"தப்பு பண்ணது ராஜா. கால்ல விழறது அவளா? பிள்ளைக பாக்குதுக."

"எழுதினவன் அந்தக் காலத்து ஆளும்மா."

"நடிக்கிறது நாமதானே மாமா?"

ராணி வேஷக்காரன் ஆனந்த்ராஜ் கன்னத்தைத் தடவிக்கொண்டான். "எனக்கு ஒரு அறை மிச்சம்." எல்லோரும் சிரித்தார்கள். படித்தவர்கள் பேச்சை நான் நம்புவதில்லை. இதில் ஓட்டை தேடினேன், கிடைக்கவில்லை.

மறுநாள் என் தங்கச்சி லூர்தம்மாள் ரேஷன் கடைப் பக்கம் மறித்தாள்.

"அண்ணே, அந்தப் பாட்ட எடுக்க விட்றாத."

"உனக்கென்ன அதுல?"

"எம்மகன் ஜெரோம் எம்மேல கை நீட்டுறான். வீட்ல அழுதா, எவன் செத்தான்னு கேட்டு இன்னும் ரெண்டு போடுறான். நாடகத்தன்னைக்கு ஒரு நாள்தான் ராணிக்கு அழுறாப்புல அம்புட்டுப் பொம்பளைகளோட சத்தமா அழுதுக்கிறேன்."

"அவன் கைய ஒடிக்கிறேன் பாரு."

"ஒடிச்சிட்டு? நீயா சோறு போடுவ?"

நான் தின்பதே ஏஞ்சலின் வடிக்கிற சோறு.

"யாருகிட்டயும் சொல்லிறாத. எம்மேல சத்தியம்."

சாப்பிடும்போது கேட்டேன். "அந்தப் பாட்டு இருந்துட்டுப் போகட்டுமே."

ஏஞ்சலின் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "ஒரே ஒரு காரணம் சொல்லுங்க மாமா. வச்சிருவோம்."

"பழைய பாட்டு" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அப்பாவுக்கு அறையுற ஆசை விடல" என்றான் மகன் கிளெமென்ட். குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

திருவிழா அன்று நான் கிரீடத்தோடு மேடையில் நின்றேன். வழக்கமாக அறைகிற இடம் வந்தது. முன்னால் தரையில் இருந்த பெண்கள் பழக்கத்தில் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்கள். ஆனந்த்ராஜ் உள்ளே போனான். கோமாளி குட்டிக்கரணம் போட்டு வந்தான். முந்தானைகள் இறங்கின, ஒரே சிரிப்பு. ஒன்று மட்டும் இறங்கவில்லை. என்னால் இறங்கிப் போகவும் முடியாது.

"ஏக்கா, கோமாளி வந்துட்டான், பாரு" என்று பக்கத்தில் இருந்தவள் அதைப் பிடித்து இழுத்தாள்.

லூர்து பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் காட்டினாள்.