உருப்படி ஏழு

உலகநாதன் தன் பரம்பரைப் பத்திரத்தைச் சட்டம் போட்டு மாட்டிய பிறகுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விசாரித்தார். பெரிய மனிதர்கள் காரியம் இப்படித்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் அவர் கட்டிய ரிசார்ட்டில் ஒரு கூடம். அதற்கு ‘நாம் அடிமைப்பட்ட கதை’ என்று பெயர். வெள்ளைக்காரன் எப்படி வந்தான், எப்படி வரி பிடுங்கினான் என்று சுவர் முழுக்கப் படங்கள். நடுச் சுவரில், தனி விளக்கு வெளிச்சத்தில், கிழக்கிந்தியக் கம்பெனிக் கச்சேரியில், அதாவது அவர்கள் ஆபீசில், முத்திரை குத்திய அந்தப் பத்திரம். இருநூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய முப்பாட்டனுக்குப் பாட்டனார் செய்யூர்ப் பக்கம் நிலம் வாங்கிய பத்திரம்.

அதன் எழுத்தில் புள்ளி கிடையாது, வார்த்தைக்கு நடுவே இடம் விடுவது கிடையாது. அதனால் போட்டோ எடுத்து, செங்கல்பட்டில் தன் மனை விற்பனைப் பத்திரங்களையெல்லாம் எழுதித் தருகிற ஞானதாஸிடம் அனுப்பினார். அந்த ஆபீசில் பழைய எழுத்து படிக்கத் தெரிந்தவள் மேரி ஒருத்திதான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பத்திரம் பதிவுக்குப் போகுமுன் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் நகலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். மேரி பதினைந்து வருஷமாகப் படிக்கிறாள். ஒரு வரி தாண்டினால் ஞானதாஸ் குதிப்பார். வரி தாண்டினால் ஒருவன் கிணறு இன்னொருவனுக்குப் போய்விடும் என்பார். உண்மைதான்.

அவள் படித்தாள். நஞ்சை, புஞ்சை, மேல்நோக்கிய மரம், கீழ்நோக்கிய கிணறு. இதெல்லாம் தினமும் படிக்கிற சங்கதிதான். அடுத்த வரியில் அவள் குரல் நின்றுவிட்டது. நகல் பார்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். மேரிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் அன்றைக்கு முழுக்கப் போகவில்லை.

ஞானதாஸ் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு உலகநாதனுக்குப் போன் போட்டார். பேசி முடித்ததும் மேரியைக் கூப்பிட்டார்.

“தோ பாரு மேரி. திறப்பு விழாவுல நீதான் பத்திரத்தப் படிக்கணுமாம். இன்விடேஷன்லயே போட்டாச்சாம். அந்த ஒரு வரிய மட்டும் தாண்டிக்கினு போயிடு.”

“தாண்டுனா குதிப்பீங்களே சார்?”

“அது பதிவுக்குப் போற பத்திரம். இது சொவத்துல மாட்டறது. நம்ம ஆபீசுக்கு வர்ற வேலைல பாதி அவரு வேல. உன் வேலயும் அதுலதான் கீது, நெனப்புல வெச்சுக்கோ.”

மேரியின் அப்பாவும் அப்பாவின் அப்பாவும் செய்யூர்ப் பக்கத்து வயல்களில் கூலிக்கு உழைத்தவர்கள். அதற்கு மேலே யார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. உலகநாதனுக்கோ எட்டுத் தலைமுறை தெரியும், படமாக வரைந்து கூடத்து வாசலிலேயே வைத்திருக்கிறார். இந்த வேலை போனால் நாற்பத்திரண்டு வயதில் அவளை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்? மூன்று நாள் அதையே யோசித்தாள். நான்காம் நாள் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

விழாவில் எண்பது பேர் இருந்தார்கள். தலைமை விருந்தினர் வரதன், ஓய்வு பெற்ற அதிகாரி. அரை மணி நேரம் முழங்கினார். வெள்ளைக்காரன் நம்மை அடிமையாக்கினான், நம் வரலாற்றை மறைத்தான், இனியாவது உள்ளதை உள்ளபடி பேசுவோம் என்றார். கைதட்டல் காதைப் பிளந்தது. மேரியும் தட்டினாள். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை, பாதியைத்தான் சொன்னார்.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டு பத்திரத்தின் முன்னால் நின்றாள்.

“விரோதிகிருது வருஷம் தை மாதம் பத்தாம் தேதி...” என்று ஆரம்பித்தாள். பழந்தமிழ் கேட்டு எல்லாரும் சொக்கிப்போனார்கள். நிலம் வாங்கிய பாட்டனார் பெயர் வந்தபோது உலகநாதன் கைகூப்பினார். நஞ்சை வந்தது, புஞ்சை வந்தது. மரமும் கிணறும் வந்தன. அவர் புன்சிரிப்போடு தட்டுவதற்குக் கையைத் தூக்கினார்.

“இந்த நிலத்தைச் சேர்ந்த அடிமை ஆள் உருப்படி ஏழு,” என்று மேரி படித்தாள். “சடையன் ஒன்று. இவன் பெண்சாதி காத்தாயி ஒன்று. இவர்கள் மகன் முனியன் ஒன்று...”

உலகநாதன் கண் காட்டினார். யாரோ ஓடிப்போய் மைக்கை நிறுத்தினார்கள். மேரி குரலை உயர்த்தினாள். பத்திரம் படித்துப் படித்து உரமேறிய குரல் அது, ஆபீசில் படித்தால் எதிர்ப்பக்கத்து டீக்கடை வரைக்கும் கேட்கும்.

“தொப்புளான் ஒன்று! அஞ்சலை ஒன்று! பொன்னி ஒன்று! பொன்னியின் கைக்குழந்தை ஒன்று! ஆக உருப்படி ஏழும் தலைமுறை தலைமுறையாக ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்!”

“போதும் நிறுத்தும்மா!” உலகநாதன் எழுந்து வந்தார். “இன்னா பண்ற நீ? இது வெள்ளைக்காரன் செஞ்ச அநியாயத்த சொல்ற எடம்!”

“அவன் செஞ்சதும் இதுலயே கீது சார். முத்திர குத்திக் கச்சேரிக் கட்டணம் வாங்கிக்கினான். வித்தது யாரு, வாங்குனது யாரு? ரெண்டு பேரும் தமிழ்லதான் கையெழுத்துப் போட்டுக்கீறாங்க.”

“அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்.”

“எல்லாருமா? சடையனும் பொன்னியும் யாரையாவது வாங்குனாங்களா? வெளிய ‘நாம்’னு போர்டு வெச்சுக்கீறீங்க. அந்த நாமுல இவங்க ஏழு பேரு எங்க?”

வரதன் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். உள்ளதை உள்ளபடி பேசச் சொன்ன மனுஷன்!

“நாளையிலேருந்து நீ அந்த ஆபீஸ்ல இருக்க மாட்ட,” என்றார் உலகநாதன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“தெரிஞ்சுதான் சார் வந்தேன்.”

அவர் பத்திரத்தைக் கழற்றக் கையை நீட்டினார். மேரி நகரவில்லை. சுவருக்கும் அவருக்கும் நடுவே, முதுகு சட்டத்தில் படும்படி நின்றாள். எண்பது பேர் பார்க்கிறார்கள், தொட்டுத் தள்ள அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

அப்போது பின்னால் ஒரு சத்தம். விருந்தினருக்குக் காபி கொண்டு வந்த கல்யாணி தட்டை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு நடுவே நடந்து வந்தாள். அதே ரிசார்ட்டில் வேலை பார்ப்பவள். முதலாளியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“அக்கா, அந்தக் கொழந்தைக்குப் பேரு போடலியா?”

“போடல.”

“ஆம்பளையா பொம்பளையான்னு?”

“அதுவும் எழுதல.”

கல்யாணி பின்னால் திரும்பிப் பார்த்தாள். சமையற்கட்டு வாசலில் இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள், ஈரக் கையோடு.

“அங்க நின்னவங்களுக்குப் பாதிதான் கேட்டுச்சு,” என்றாள் கல்யாணி. “மொதல்லேருந்து இன்னொரு தபா படிக்கா.”

மேரி திரும்பி, விரோதிகிருது வருஷம் என்று ஆரம்பித்தாள்.