நூர் பாயின் பெல் இல்லாத சைக்கிள்

என் சைக்கிளில் இல்லாதது என்று எதுவும் கிடையாது. டைனமோ, முன்விளக்கு, பின்விளக்கு, கண்ணாடி, கேரியர், முழுச் செயின் கவர், பம்ப், இரண்டு பெல். எல்லாம் பட்டுப் பட்டு வாங்கியவை. விளக்கில்லாமல் போய்ப் போலீஸ்காரரிடம் மாட்டிக்கொண்ட மறுநாள் டைனமோ வந்தது. செயினில் பேண்ட் சிக்கி லஸ் முனையில் குப்புற விழுந்த பிறகு செயின் கவர். யாரோ ஒரு புண்ணியவான் வால்ட்யூபைப் பிடுங்கிக்கொண்டு போனதும் பம்ப். "இனிமே ஒரு குடையும் விசிறியும்தான் பாக்கி" என்பாள் என் மனைவி விசாலாக்ஷி.

அந்தச் செயினாலும் வால்ட்யூபாலும் நான் இரண்டு முறை வேலைக்கு லேட். அது எழுபத்து மூன்றாம் வருஷம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்காகச் சேர்ந்து ஆறாவது மாதம். எட்டு மணிச் சங்குக்குப் பிறகு வந்தால் டைம்கீப்பர் பஞ்சாட்சரம் பெயருக்கு நேரே சிவப்பு மையால் எழுதிவிடுவார். ஆறு மாதத்துக்குள் மூன்று சிவப்பு விழுந்தால் வேலை நிரந்தரமாகாது. அதற்கு முன் இரண்டு வருஷம் மாமனார் தயவில் சாப்பிட்டவன் நான். அந்தச் சாதம் எப்படித் தொண்டையில் இறங்கும் என்று எனக்குத் தெரியும்.

லேத்தில் வேலை பார்த்த நூர் முஹம்மது பாய் இதற்கெல்லாம் நேர் எதிர். ராயப்பேட்டையிலிருந்து வருவார். அவர் சைக்கிளில் மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, பெல்கூடக் கிடையாது. "பாய், இது சைக்கிளா, சைக்கிளோட எக்ஸ்ரே படமா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"நிக்கச் சொன்னா நிக்குது, போவச் சொன்னா போவுது. வேற இன்னா வேணும் ஐயரே?" என்றார்.

ஒரு நாளும் லேட்டாகாதவர்கள் என்று நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் இருந்தது. ஒன்பது வருஷமாக அதில் முதல் பெயர் நூர் பாயுடையது. உள்ளே போகும்போது தினமும் அதை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போவார்.

சரஸ்வதி பூஜை வந்தது. விசாலாக்ஷி என் வண்டியைத் தேய்த்துக் குளிப்பாட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பூச்சரம் சுற்றிக் கூடத்தில் நிறுத்தினாள். பூஜையில் வைத்த வண்டியை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில் புனர்பூஜை முடித்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் கிளம்பினேன். அதில் பத்து நிமிஷம் போயிற்று. ஏறி மிதித்தேன்.

லஸ் முனையில் பிரேக் லேசாக நழுவியது. குளிப்பாட்டிய ஈரம் இன்னும் காயவில்லை என்று நினைத்தேன். சைதாப்பேட்டைப் பாலத்தின் இறக்கத்தில்தான் உண்மை தெரிந்தது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தேன். வண்டி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. எனக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய கட்டை வண்டி. இரண்டு பெல்லையும் மாற்றி மாற்றி அடித்தேன். மாடு பெல்லுக்கெல்லாம் நகருமா? காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போய் வண்டியின் பின்பக்கத்தில் மோதினேன்.

வைக்கோல் என்னைக் காப்பாற்றியது. முன்சக்கரம்தான் எட்டு மாதிரி கோணிக்கொண்டு உருள மறுத்தது. மணி ஏழு நாற்பது. இன்னும் இரண்டு மைல் இருந்தது. பஸ்ஸைப் பிடிக்கலாமென்றால் வண்டியை நடுரோட்டில் விடவேண்டும். டைனமோவும் விளக்கும் வைத்த வண்டி பத்து நிமிஷம் தனியாக நின்றால் எலும்புகூட மிஞ்சாது. பிளாட்பாரத்தில் நின்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுதேன்.

"இன்னா ஐயரே, அடி கிடி பட்டுதா?" நூர் பாய் இறங்கி நின்றார்.

"எனக்கு ஒண்ணுமில்லை பாய். வேலை போச்சு. இதோட மூணாவது லேட்."

அவர் என் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தன் சைக்கிளின் ஹாண்டில்பாரை என் கையில் திணித்தார். "ஏறு. நா இத்தத் தூக்கிக்கினு வரேன்."

"நீங்க லேட்டாயிடுவேளே! ஒன்பது வருஷம்..."

"நா பர்மனெண்டு. எனுக்கு ஒரு செவப்பு மை. உனுக்கு வூட்ல அடுப்பு. பேசிக்கினு நிக்காத, மிதி!"

மிதித்தேன். அந்த எக்ஸ்ரே படம் பறந்தது. பெல் இல்லாததால் "ஓரம்! ஓரம்!" என்று கிண்டி வரை கத்திக்கொண்டே போனேன். கேட்டுக்குள் நுழைந்து நாலு எட்டு வைப்பதற்குள் சங்கு ஊதியது.

எட்டரைக்கு நூர் பாய் வந்தார். முன்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டே நடந்து வந்ததில் சட்டை முழுக்க நனைந்திருந்தது. "நூர் பாய், நீங்களா?" என்றார் பஞ்சாட்சரம். நான் ஓடிப்போய், "சார், அது என்னாலே..." என்று ஆரம்பித்தேன். பாய் என் மணிக்கட்டை அழுத்தினார். "வண்டி தகராறு சார். எய்திக்குங்க" என்றார். சிவப்பு மை விழுந்தது. பட்டியலில் அவர் பெயர் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதை நானே பார்த்தேன்.

மத்தியானம் ஸ்டாண்டில் என் பிரேக் கட்டையைத் தொட்டு முகர்ந்தார். "நல்லெண்ண! ரிம்மு பூரா தடவிக் கீதே."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "ஆத்துக்குப் போய் அவளை என்ன பண்றேன் பாருங்கோ!"

"ஒண்ணும் கேக்காத. ஆசையாத் தொடச்சிக் கீது. சாமிக்கு எண்ண வெச்சா மாதிரி வெச்சிக் கீது. அதுக்குப் போய் அது திட்டு வாங்கணுமா?"

அன்று வண்டியைக் கடையில் விட்டு, பஸ்ஸில் மயிலாப்பூர் வந்தேன். "வண்டி எப்படி ஓடித்து?" என்றாள் விசாலாக்ஷி.

"வழுக்கிண்டு போச்சு. வீல்தான் ஒரு கல்லுல பட்டு லேசாக் கோணிடுத்து."

"பின்னே? நான் தொடச்சதாக்கும்!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பாய் கொடுத்ததுதான்.

மாதக் கடைசியில் வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. வீட்டுக்குக்கூட ஓடாமல் முதலில் லேத்துக்குத்தான் ஓடினேன். பாய் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு, கடிதத்தை வாங்கி முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை பார்த்தார். நன்றி சொல்ல வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. "உங்க பேரை அடிச்சுட்டாளே பாய்" என்றேன்.

அவர் கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

"இனிமே நீ தாராளமா லேட்டா வா ஐயரே. உன் வண்டியத் தூக்க நா வர மாட்டேன்."