பின்பாரம்

சந்தியாகு ஒன்றை நினைத்துவிட்டால், அந்தோணியாரே இறங்கி வந்து சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். இது ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அன்றைக்குக் காலையில் வண்டி ஏற்ற வந்த பத்துப் பன்னிரண்டு பேரில் ஒருத்தராவது அவரை அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை. தள்ளச் சொன்ன பக்கம் தள்ளிவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

விஷயம் இதுதான். சந்தியாகுவின் பழைய பிக்கப் வண்டியை டிரெய்லரில் ஏற்றித் தொண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் மீன் சுமந்த வண்டி. எஞ்சின் ஜாமாகி நாலு மாதமாக வீட்டோரத்தில் உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு நின்றது. தொண்டியில் பட்டறை வைத்திருக்கும் முஸ்அப், இதே மாதிரி வண்டி ஒன்றைப் பிரித்தபோது அதன் எஞ்சினைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். வண்டியை மட்டும் கொண்டுவந்து போடுங்கள், மூன்றாம் நாள் ஓடவைக்கிறேன் என்று சொல்லியிருந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிய ஐந்தே நாள்தான் இருந்தது. முடிந்த அன்றைக்கு விசைப்படகுகளுக்கெல்லாம் ஐஸ் போக வேண்டும். வண்டியோடு வந்தால் அந்த ஐஸ் ஓட்டம் உனக்குத்தான் என்று தொண்டியில் ஐஸ் கம்பெனி வைத்திருப்பவர் ஜாஸ்லினுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

ஜாஸ்லின் சந்தியாகுவின் ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து இந்த வண்டியிலேயே ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கியவள். தொண்டியில் ரூபஸுக்கு வாழ்க்கைப்பட்டாள். ரூபஸ் நல்ல கடல்காரன். போன அக்டோபரில் படகில் வலை இழுக்கும் வின்ச்சில் வலது கை சிக்கி, முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அன்றைக்குப் பாயில் படுத்தவன்தான். எட்டு மாதம் சுவரைப் பார்த்தே கிடந்தான். ஒரு நாள் விடியும் நேரத்தில் தன்னந்தனியாகக் கடலுக்குள் நடந்து போனவனை, நண்டு வலைக்காரர்கள் பார்த்து இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். அதற்குப் பிறகு ஜாஸ்லின் கண்ணயர்ந்து தூங்கியதே இல்லை.

அப்படிக் கிடந்தவன், இந்த வண்டிப் பேச்சு வந்ததும் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினான். "டயரெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டான். மறுநாள், "நானும் கூட வாரேன். ஐஸ் கட்டிய எண்ணி எறக்க ஒரு கை போதும்ல?" என்றான். இதைப் போனில் சொல்லும்போது ஜாஸ்லின் அழுத அழுகையைச் சந்தியாகுவால் தாங்க முடியவில்லை. அந்த வண்டி தொண்டி போய்ச் சேர்ந்தால் மருமகன் எழுந்துவிடுவான். அவ்வளவுதான் கணக்கு. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

வண்டியை இழுக்க வந்தவர் உப்பூர் முனியசாமி. விவசாயி. சொந்தமாக டிராக்டர் வைத்திருந்தார். வருஷா வருஷம் தடைக்காலத்தில் தீவுக்கு வந்து, பழுது பார்க்க வேண்டிய படகுகளை டிரெய்லரில் ஏற்றிக் கரைக்கு மேலே இழுத்துவிடுவார். இந்த வருஷ வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிற நாள் அது. என் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தானே, தொண்டியில் இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று தானாகவே சொன்ன மனுஷன்.

பிக்கப்பை டிரெய்லர் பக்கம் உருட்டிக்கொண்டு வரும்போதே முனியசாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணே, எதுக்குப் பின்பக்கமாக் கொண்டாறீக? மூஞ்சி முன்னால வரட்டும். எஞ்சின் டிராக்டர் பக்கம் இருக்கணும்."

"இல்லப்பா, மூஞ்சி நம்ம கரையத்தான் பாத்திருக்கணும்."

"அண்ணே, இது ரெட்டச் சக்கர டிரெய்லரு. நடுவுல ஒரே அச்சு. பின்பாரமாப் போனா கொக்கியத் தூக்கிரும். எங்கய்யா மாட்டுவண்டி ஓட்டுனவரு. பின்பாரம் ஏறுச்சுன்னா நுகத்தடி மேல எந்திரிச்சு மாட்டுக் கழுத்த நெரிக்கும், மாடு கால ஊண்டாது. டிராக்டரும் அப்படித்தான். பிரேக்கு பூராம் பின்சக்கரத்துலதான் இருக்கு. அது தரையில அழுந்தலைன்னா பிரேக்கு எங்க போயி பிடிக்கும்?"

"படகுல எஞ்சின் எங்கிட்டு இருக்கு? பின்னாலதான? ஏழு வருஷமா அதத்தான நீ இழுக்குற?"

"அது கரையில நாலு எட்டு, நடக்குற வேகம். இது பாலம் ஏறி எறங்கணும்ணே."

சந்தியாகு அசையவில்லை. அவர் மனசில் இருந்தது வேறு. படகின் முகப்பை அணியம் என்பார்கள். படகை ஊரைவிட்டு ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த அணியம் விட்டுப்போகிற கரையைப் பார்த்தபடியே போக வேண்டும் என்பது அவர்கள் வீட்டில் நாலு தலைமுறைப் பழக்கம். அப்படிப் போனால்தான் திரும்பி வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால், மழை வருகிறது என்ற அவசரத்தில் அவருடைய வள்ளத்தை, அணியம் போகிற திசையைப் பார்க்கத் திருப்பிப்போட்டு ஏற்றிப் போனார்கள். பழுது பார்க்கப் போன இடத்திலேயே சூறையில் சிக்கிச் சில்லுச்சில்லாகிப் போயிற்று. காற்று செய்ததற்கு அணியம் என்ன செய்யும் என்று கேட்டால், சந்தியாகு உங்களை முறைப்பார். மருமகன் உயிரே இந்த வண்டியில்தான் இருக்கிறது என்று நம்பியவர் அதை எப்படித் திருப்பிப்போட்டு ஏற்றுவார், சொல்லுங்கள்.

"அய்யா, சித்தப்பா சொல்றதக் கேளுங்களேன்," என்று முனியசாமியைக் காட்டிச் சொன்னாள் ஜாஸ்லின். வண்டியைக் கூட்டிப்போக அன்று விடிகாலையில்தான் தொண்டியிலிருந்து வந்திருந்தாள்.

"நீ சும்மா இரு. இது எங்க சாமி காரியம்."

சாமி காரியம் என்ற பிறகு முனியசாமிக்கு வாய் அடைத்துப்போயிற்று. அவரே தன் கருப்பசாமிக்குச் சூடம் காட்டாமல் டிராக்டரில் சாவி போடாதவர். பிறகு ஆறு சாக்கில் மணலை அள்ளி டிரெய்லரின் முன்நுனியில் அடுக்கினார். மற்ற எல்லாவற்றையும் அப்பழுக்கில்லாமல் செய்தார். பிக்கப்பின் நாலு மூலைக்கும் சங்கிலி போட்டு இறுக்கினார். சக்கரத்துக்கெல்லாம் கட்டை கொடுத்தார். டயர் காற்றைப் பார்த்தார். கொக்கியின் ஆணிக்குப் பூட்டு மாட்டினார். பிக்கப்புக்குள் ஏறி உட்காரப்போன ஜாஸ்லினை, "அதுக்குள்ள யாரும் இருக்கக் கூடாது தாயி," என்று இறக்கிவிட்டார். அப்பனும் மகளும் டிராக்டரின் மட்கார்டில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்.

பாம்பன் வந்ததும், பாலத்துக்கு முன்னால் முனியசாமி ஓரம் கட்டினார். இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்ததும் நிறுத்திச் சங்கிலியைத் திரும்ப இறுக்குவது அவர் வழக்கம். இறுக்கிவிட்டு வந்து கொக்கியைப் பார்த்தவர் முகம் மாறியது.

"அண்ணே, இங்கன வாங்க. கைய வைங்க."

சந்தியாகு டிரெய்லரின் மூக்கைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். ஒரே கையில் எழும்பியது. மணல் மூட்டை ஆறும் அதன் மேலேதான் இருந்தன. ஆனாலும் சின்னப் பிள்ளையின் ஊஞ்சல் பலகை போல எழும்பியது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஊருக்குப் போன் போடுங்க, பத்துப் பேரு வரட்டும். எறக்கித் திருப்பி ஏத்திருவோம். ரெண்டு மணி நேரம் கூட ஆகும், ஆகட்டுமே," என்றார் முனியசாமி.

அந்த இடத்தில் சந்தியாகுவுக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவர் கையே சொல்லிவிட்டது. நாற்பது வருஷம் கடலில் கிடந்த மனுஷனுக்குப் பாரம் தெரியாதா? 'நீ சொன்னதுதான் சரி தம்பி' என்று நாலு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்தது. காலையில் அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டு ஏற்றியதை, அதே ஆட்களைக் கூப்பிட்டு இறக்கச் சொல்ல வேண்டும். மகள் வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பாழாய்ப்போன கௌரவம் வந்து வாயைப் பொத்தியது.

"மெதுவாப் போ, ஒண்ணும் ஆகாது," என்றார்.

தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று அன்றைக்குப் பேயாக அடித்தது. ஏற்றத்திலேயே டிராக்டரின் பின்சக்கரம் இரண்டு தடவை பிடிமானம் இல்லாமல் வெறுமனே சுற்றியது. உச்சியைத் தாண்டி மண்டபம் பக்கம் இறங்கும்போது ஒரு பேருந்து முந்திக்கொண்டு போனது. அது விலகிய வேகத்தில் காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. டிரெய்லரின் வால் இடது பக்கம் ஒரு முழம் போனது. பிறகு வலது பக்கம். பிறகு இன்னும் அதிகமாய். முனியசாமி மெல்லத்தான் பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, டிராக்டர் நிற்கவில்லை. கொக்கி மேலே எகிறி அடிக்க அடிக்க, பின்சக்கரம் ரோட்டில் தேய்த்துக்கொண்டே போயிற்று.

"குதிங்க!" என்று முனியசாமி கத்தினார்.

சந்தியாகு குதித்தாரா, விழுந்தாரா என்று அவருக்கே தெரியாது. எழுந்து பார்த்தபோது டிராக்டர் குறுக்கே திரும்பி நடைபாதை மேட்டில் முட்டி நின்றது. ஜாஸ்லின் முழங்கால் சிராய்த்து ரத்தம் வர உட்கார்ந்திருந்தாள். முனியசாமி ஸ்டியரிங்கில் நெஞ்சு மோதி, மூச்சுவிட முடியாமல் விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். சங்கிலி அறுந்து, டிரெய்லர் கவிழ்ந்து, பிக்கப் ரோட்டுக்குக் குறுக்கே ஒருக்களித்துக் கிடந்தது. டிரெய்லரின் இரும்புச்சட்டம் அதன் அடிவயிற்றில் ஏறியிருந்தது.

முனியசாமி தட்டுத்தடுமாறி இறங்கி வந்து அடியில் குனிந்து பார்த்தார்.

"சேஸ் வளஞ்சிருச்சுண்ணே, வண்டிக்கு முதுகெலும்பே போச்சு. இனி எந்த எஞ்சின வச்சாலும் ஓடாது. காயலான் கடைக்குத்தான்."

ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை அவர். பேசியிருந்தால் சந்தியாகுவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்று ஹாரன் அடித்தன. ராமேஸ்வரம் வந்த யாத்திரைக்காரர்கள் இறங்கிப் போனில் படம் எடுத்தார்கள். பாவி, பாவி என்று அவர் தன் நெஞ்சில் தானே குத்திக்கொண்டார். யாரோ ஒருவர் அவர் கையைப் பிடித்தார்.

அப்போதுதான் ஜாஸ்லினின் போன் அடித்தது. பேரைப் பார்த்தவள் எடுக்கவில்லை. எழுந்து வந்து அப்பன் கையில் வைத்தாள்.

"அவுகதான். நீங்க செஞ்சத நீங்களே சொல்லுங்க."

"மாமா!" என்றான் ரூபஸ். எட்டு மாதத்தில் அந்தக் குரலை அவர் இப்படிக் கேட்டதில்லை. "எங்கன வாரீக? நான் பட்டறைக்கே வந்துட்டேன் மாமா. முஸ்அப் அண்ணன் எஞ்சினைக் கழுவித் தொடச்சு வச்சிருக்காரு. காலையிலேயே போயி சவரம் பண்ணிட்டு, நீங்க எடுத்துக் குடுத்த ஊதாச் சட்டையப் போட்டுட்டு வந்திருக்கேன். ஜாஸ்லின்ட்டச் சொல்லாதீக, வந்து பாக்கட்டும்."

சந்தியாகு ஒருக்களித்துக் கிடந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"மாமா? கேக்குதா?"

"மாப்ள... வண்டி கவுந்துருச்சு. பாலத்துல. நான்தான் மாப்ள கெடுத்தேன். அந்தத் தம்பி படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, நான் கேக்கல."

அந்தப் பக்கம் பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஜாஸ்லினுக்கு அடி பட்டிருச்சா?"

"இல்ல மாப்ள. லேசான சிராய்ப்புதான்."

"சரி மாமா. அவள நீங்களே வச்சுக்கங்க. இனி இங்கிட்டு அனுப்பாதீக."

போன் நின்றுவிட்டது. திரும்பப் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

"என்ன சொன்னாக?" என்றாள் ஜாஸ்லின். இந்தத் தடவை அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஊதாச் சட்டையைக்கூட மறைக்காமல் அப்படியே சொன்னார். அவள் போனைப் பிடுங்கி முஸ்அப்பைக் கூப்பிட்டாள். "இப்பத்தாம்மா வெளிய போனாரு. டீ குடிக்கப் போறார்னு நெனச்சேன். துறைமுகத்துப் பக்கமால்ல நடந்தாரு..." என்று அவர் இழுத்தார்.

"ஓடுங்கண்ணே! அவுகளப் பிடிங்க, விட்றாதீக, ஓடுங்க!"

அவள் அலறியதில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை இறக்கினார்கள். ராமநாதபுரம் போகிற வண்டி ஏதாவது கிடைக்குமா என்று திரும்பிப் பார்த்தாள். போகிற வண்டி எல்லாம் பிக்கப்புக்குப் பின்னால், பாம்பன் பக்கம் வரிசையாக நின்றன. எதிர்ப்பக்கம் நின்றவை பஸ்ஸும் வேனுமாய், பாலத்தில் திருப்ப இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. ஒரு மோட்டார் சைக்கிள் நுழையக்கூட இடம் விடாமல் பிக்கப் கைப்பிடிச் சுவரிலிருந்து டிராக்டர் வரைக்கும் படுத்துக்கிடந்தது. அவள் அதற்குமேல் யாரையும் எதிர்பார்க்கவில்லை. போனைக் காதில் வைத்தபடியே, ரத்தம் வடிகிற காலோடு மண்டபத்தைப் பார்த்து ஓடத் தொடங்கினாள். தொண்டிக்கு இன்னும் எண்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.

சந்தியாகு பிக்கப்பில் தோளைக் கொடுத்தார். நின்றவர்களும் ஓடிவந்து கைவைத்தார்கள். விலாவைப் பிடித்துக்கொண்டே முனியசாமியும் வந்தார்.

"இன்னொருக்கா தள்ளுங்கய்யா, ஒரு வண்டி போற அளவுக்கு வழி விட்டாப் போதும். எம் புள்ள போகணும், தள்ளுங்கய்யா," என்று சந்தியாகு எல்லார் முகத்தையும் பார்த்துக் கெஞ்சினார். தள்ளினார்கள். வண்டி அசையவில்லை.